யாருடைய சூடு?

சென்ற கோடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து வாசல் தாழ்வாரத்துச் சுவரில் மாட்டினேன். கதை எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். ‘வெயில் கொளுத்தியது’ என்று எத்தனையோ கதைகளில் எழுதியவனுக்கு, எத்தனை டிகிரி கொளுத்தியது என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

முதல் நாள் பிற்பகலே 44 டிகிரி காட்டியது. பெருமையோடு வீட்டாரைக் கூப்பிட்டேன். என் மனைவி வந்தாள். தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை, சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். “மேற்குச் சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைத்தானே சொல்லும்? காற்றின் சூட்டை யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?” என்றாள். கொல்லையில் வேப்பமரத்து நிழலுக்கு மாற்றினேன். 38 என்றது!

இந்த அவமானத்தை விமானம் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “எங்களுக்கும் இதே சங்கடம்தான்” என்று சொல்லி, நாலு பேர் உட்காரும் சிறு விமானம் ஒன்றைக் காட்ட அழைத்துப் போனார். முன்கண்ணாடியின் மேல் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு விரல் பருமனில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சிறு வட்ட முகமும் முள்ளும். வெளிக்காற்றின் உஷ்ணத்தைக் காட்டும் கருவி அது. “இதை எங்கே வைப்பது என்பது ஒரு பெரிய சரித்திரம்” என்றார். வீடு திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னது மிகையல்ல.

மனிதன் ஆகாயத்தில் ஏறத் தொடங்கிய நாளிலிருந்தே தெர்மாமீட்டரும் கூடவே ஏறியிருக்கிறது. 1783-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பாரிஸில் ஹைட்ரஜன் பலூனில் பறந்த ஷார்ல், அதையும் பாரமானியையும் எடுத்துச் சென்றார். 1804-இல் கே-லுஸாக் தன்னந்தனியாக ஏறக்குறைய 7,000 மீட்டர் ஏறி, அங்கே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பதரை டிகிரி என்று குறித்துக்கொண்டு இறங்கினார். மேலே போகப் போகக் குளிர்கிறது என்பது உறுதியாயிற்று. எவ்வளவு குளிர்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

1862 செப்டம்பர் 5-ஆம் தேதி, இங்கிலாந்தில் உல்வர்ஹாம்ப்டன் என்ற ஊரிலிருந்து கிளேஷரும் காக்ஸ்வெல்லும் பலூனில் கிளம்பினார்கள். கிளேஷருக்கு அப்போது வயது 53. 8,800 மீட்டர் உயரத்தில் கிளேஷருக்குக் கண் மங்கியது, கை துவண்டது, மூர்ச்சையானார். காக்ஸ்வெல் வளையத்தின் மேல் ஏறி, சிக்கிக்கொண்ட வால்வுக் கயிற்றைப் பிடித்தார். குளிரில் விறைத்துக் கறுத்த கைகள் உதவவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். வாயு வெளியேறிப் பலூன் இறங்கியது. இருவரும் பிழைத்தார்கள்.

இப்படி உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த உஷ்ணக் கணக்கு பல வருஷங்கள் வேதவாக்காக இருந்தது. ஆனால் அது பிழையான கணக்கு! கிளேஷர் கவனமில்லாதவர் அல்ல. பலூன் காற்றோடு சேர்ந்தே போகிறது. ஆகையால் கூடையில் காற்று வீசுவதில்லை. மேலே வெயிலோ கடுமை. அசையாத காற்றில், வெயிலில், மனிதர்களுக்குப் பக்கத்தில் இருந்த தெர்மாமீட்டர் தன் சூட்டையும் கூடையின் சூட்டையும் சேர்த்துச் சொல்லிற்று. சாட்சி பொய் சொல்லவில்லை. நிற்க வைத்த இடம் தவறு.

இதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் வைத்தியராக இருந்து வானிலை ஆராய்ச்சிக்கு வந்த ஜெர்மானியர் ரிச்சர்ட் அஸ்மன். பளபளக்கும் உலோகக் குழாய்க்குள் தெர்மாமீட்டரை வைத்து, சாவி கொடுத்தால் ஓடும் சின்ன விசிறியால் காற்றை அதன் மேல் இழுக்கச் செய்தார். வெயில் குழாயோடு நின்றுவிடும். புதுக்காற்று மட்டும் உள்ளே போகும். இந்தக் கருவியைக் கொண்டு பறந்து பார்த்தபோதுதான், உயரத்தில் கிளேஷர் குறித்தவை உண்மையைவிட மிகவும் அதிகம் என்று தெரிந்தது. 1894 டிசம்பர் 4-ஆம் தேதி பெர்ஸன் தனியாக 9,155 மீட்டர் ஏறினார். அவர் கண்டது பூஜ்யத்துக்குக் கீழே 47.9 டிகிரி.

இதற்குள் பிரான்ஸில் டெஸெராங் த போர் என்பவர், தாமே எழுதும் கருவிகளை ஆளில்லாப் பலூன்களில் அனுப்பிக்கொண்டிருந்தார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் அதிகமாகவில்லை, அப்படியே நின்றது. வேறொருவராயிருந்தால் அன்றே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார். அவரோ, கிளேஷரை ஏமாற்றிய வெயில் தம்மையும் ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டார். சூரியனே இல்லாத இரவில் பலூன்களை விட்டார். அப்போதும் அதே கதை. 236 பலூன்களின் கணக்கோடு 1902 ஏப்ரல் 28-ஆம் தேதிதான் பாரிஸ் விஞ்ஞான சபைக்கு அறிவித்தார். மூன்றே நாளில் அஸ்மனும் பெர்லினில் அதையே அறிவித்தார். இன்று ஸ்ட்ராடோஸ்பியர் என்கிறோமே, அது இப்படி அகப்பட்டதுதான்.

பலூன் போய் விமானம் வந்தது. காற்று வீசவில்லை என்ற குறை தீர்ந்தது. புதுக் குறைகள் முளைத்தன. பக்கத்தில் எஞ்சினின் அனல், புகைக்குழாயின் வெப்பம், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கதகதப்பு. இரட்டை இறக்கை விமானங்களில் வானிலை பார்க்கப் பறந்தவர்கள், இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே நிற்கும் தாங்கு கம்பத்தில் தெர்மாமீட்டரைக் கட்டி, இருக்கையிலிருந்தே எட்டிப் படித்தார்கள்.

வேகமும் ஒரு விரோதி. எதிர்க்காற்று கருவியில் மோதி நிற்கும்போது சூடாகிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறக்குறைய ஒன்றேகால் டிகிரி. 900 கிலோமீட்டர் வேகத்தில் 31 டிகிரி. பெரிய விமானங்களில் இதைக் கணக்கிட்டுக் கழிக்கிறார்கள். சிறு விமானத்தில் இடம் பார்த்து வைப்பதுதான் முக்கியம்: எஞ்சின் காற்று படாமல், வெயில் நேரே விழாமல், விமானத்தின் தோலை ஒட்டி வரும் சூடான காற்றைத் தாண்டி வெளியே நீட்டியபடி. இறக்கையின் அடிப்பக்க நிழலைப் பலர் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

“இரண்டு டிகிரி தப்பினால் என்ன குடிமுழுகிவிடும்?” என்று நண்பரைக் கேட்டேன்.

“மேகத்துக்குள் போகிறேன். முள் பூஜ்யத்துக்கு மேலே ஒன்று என்கிறது. உண்மையில் கீழே ஒன்று. பனிக்கட்டி பிடிக்காது என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே இறக்கையில் பிடித்துவிடும். இறக்கையின் வடிவம் கெட்டால் விமானம் தாங்காது, ஸார்” என்றார்.

நான் மேலே பேசவில்லை. நாங்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். கண்ணாடிக்குள் முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. “இப்போது அதை நம்பாதீர்கள், அது தரையின் சூடு” என்று சிரித்தார் அவர்.

அன்றிரவு டெஸெராங் த போரின் 236 பலூன்களைப் பற்றி மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “பாவம், அந்த மனுஷருக்குக் கைவைத்துப் பார்க்க அங்கே சுவர் ஏது?” என்றாள்.