குமிழில் எழுதப்படாத பெயர்கள்

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் அம்பேத்கர் பிறந்தநாள் நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் செகண்ட் ஹேண்டில் ஒரு மாடலிங் ஆம்ப் வாங்கி வந்திருந்தான். இரவில் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டி வாசித்தபோது கடல்போல இரைந்த கிதார், பறையும் டிரம்ஸும் தொடங்கியதும் காணாமல் போனது. சத்தத்தைக் கூட்டினான். கொசு ரீங்காரம்தான் கூடியது. “ஆம்ப் சரியில்லை போலக்கா” என்றான்.

ஆம்பில் ஒரு குறையும் இல்லை. அதன் குமிழைச் சுற்றி ‘ட்வீட்’, ‘பிளாக் பேனல்’, ‘பிளெக்ஸி’, ‘பிரிட்’ என்று பெயர்கள் இருந்தன. அவை என்னவென்று கேட்டேன். “தெரியலக்கா. பிரிட்ல வெச்சா நல்லா உறுமும்.” எனக்குக் கிதாரில் நாலு கார்டுக்கு மேல் வராது. ஆனால் ஓர் ஒலி எங்கிருந்து வந்தது, யாருடைய கையிலிருந்து வந்தது என்று தேடுவது எனக்குப் பழகிப்போன வேலை. அன்று அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மாடலிங் ஆம்ப் என்பது பழைய வால்வு ஆம்ப்களின் ஒலியைக் கணக்குப் போட்டு நகலெடுக்கும் ஒரு சின்னக் கணினி. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘போட்’ என்ற சிவப்புப் பெட்டி வந்தபிறகு இது பரவலானது. அசல் நிறுவனங்களின் பெயரைப் போட்டால் வணிகச் சின்னச் சிக்கல் வரும். அதனால் பட்டப்பெயர்கள். ‘ட்வீட்’ என்பது 1950களின் ஃபெண்டர் ஆம்ப்மேல் ஒட்டியிருந்த, பயணப்பெட்டிக்குப் போடும் துணி. ‘பிளெக்ஸி’ என்பது 1960களின் மார்ஷல் ஆம்பில் இருந்த பிளாஸ்டிக் முகப்பு. ‘பிரிட்’ என்றால் பிரிட்டனில் செய்தது. துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நாட்டுக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெட்டியை அப்படிக் கதறவைத்தவர்களுக்கு இல்லை.

‘பிளாக் பேனல்’ கதை இன்னும் கசப்பானது. 1960களில் வந்த கறுப்பு முகப்பு ஃபெண்டர்களைக் கிதார்க்காரர்கள் வெகுகாலம் ‘பிளாக்ஃபேஸ்’ என்றே அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலிசெய்து ஆடிய கூத்துக்கும் அதே பெயர்தான். அதனால்தான் இப்போது பலரும் ‘பிளாக் பேனல்’ என்கிறார்கள்.

இனி உறுமலுக்கு வருவோம். 1951 மார்ச். மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஐக் டர்னரின் இசைக்குழு மெம்ஃபிஸுக்குக் காரில் போகிறது. எல்லாரும் கறுப்பின இளைஞர்கள். வழியில் கிதார் ஆம்ப் பழுதாகிவிடுகிறது. கீழே விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. ஸ்பீக்கரின் காகிதக்கூம்பு கிழிந்திருந்தது. ஸ்டுடியோ நடத்திய சாம் ஃபிலிப்ஸ் கிழிசலில் காகிதத்தைத் திணித்து, அந்தக் கரகரப்போடேயே பதிவுசெய்தார். ‘ராக்கெட் 88’ பிறந்தது. அந்த ஆண்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டிஸ்டார்ஷன் கிதாரின் தொடக்கப் பதிவுகளில் ஒன்று என்று எல்லா வரலாற்றிலும் வருகிறது.

இசைத்தட்டில் ‘ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கேட்ஸும்’ என்று அச்சடித்தார்கள். பிரென்ஸ்டன் அந்தப் பாட்டைப் பாடிய சாக்ஸஃபோன் கலைஞர். குழுத்தலைவர் டர்னரின் பெயர் அந்த வரியில் இல்லை. கிழிந்த ஆம்பில் வாசித்தவர் வில்லி கைசார்ட். இன்று ஆம்பை ஆன் செய்து ‘க்ரன்ச்’ பக்கம் திருப்பும் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

இதை வெறும் விபத்தாகப் பார்க்கக் கூடாது. அமெரிக்கத் தெற்கின் இனவெறியிலிருந்தும் பருத்திக்காட்டு வறுமையிலிருந்தும் தப்பி, 1910களிலிருந்து 1970வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்தார்கள். மிசிசிப்பியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ வந்தார். மதுக்கடைக் கூச்சலில் மரக்கிதார் யார் காதிலும் விழவில்லை. மின்கிதாருக்கு மாறினார். மேக்ஸ்வெல் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கலைஞர்கள் பக்கத்து வீடுகளுக்குக் காசு கொடுத்து, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து வாசித்தார்கள். சின்ன ஆம்ப், பெரிய இரைச்சல். முழுக்கத் திருப்பினால்தான் கேட்கும். முழுக்கத் திருப்பினால் வால்வு திணறும். திணறும்போது ஒலியலையின் உச்சி மழுங்கும், புதிய மேற்சுரங்கள் கிளம்பும். அதைத்தான் நாம் ‘டோன்’ என்கிறோம். கேட்கப்பட வேண்டும் என்ற தேவை இல்லாமல் அந்த ஒலி வந்திருக்காது.

1958இல் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்து போனபோது அவருடைய மின்கிதாரின் சத்தத்தைக் கேட்டு விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்குச் சோகமாக முணுமுணுக்கும் நாட்டுப்புறக் கறுப்பர் வேண்டியிருந்தது! சரி என்று அடுத்த முறை மரக்கிதாரோடு போனார். அதற்குள் அங்கிருந்த இளைஞர்கள் மின்கிதாரைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் சுற்றமைப்பைக் கிட்டத்தட்ட அப்படியே பின்பற்றி ஓர் ஆம்ப் செய்தார்கள். 1966இல் எரிக் கிளாப்டன் மார்ஷலைச் சத்தமாக வைத்து வாசித்த இசைத்தட்டில் கறுப்பினக் கலைஞர் ஃப்ரெடி கிங்கின் உருப்படியும் இருந்தது. ‘போட்’ பெட்டியில் பாஸ்மேனின் நகலுக்கு ‘ட்வீட் ப்ளூஸ்’, மார்ஷலின் நகலுக்கு ‘பிரிட் ப்ளூஸ்’ என்று பெயர். ப்ளூஸ் என்ற சொல்லாவது மிஞ்சியதே.

வேண்டுமென்றே கிழித்தவர்களும் உண்டு. ஷானி பூர்வகுடி மரபில் வந்தவராகத் தன்னைச் சொல்லிக்கொண்ட லிங்க் ரே, ஆம்ப் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டு 1958இல் ‘ரம்பிள்’ தந்தார். பாடல்வரி ஒன்றுகூட இல்லாத அந்த இசையைச் சில வானொலி நிலையங்கள் தடைசெய்தன. வன்முறையைத் தூண்டுமாம்.

சரி, தம்பியின் ஆம்ப். முதலில் எல்லா எஃபெக்ட்டையும் அணைக்கச் சொன்னேன். கம்பெனி ஏற்றி அனுப்பும் பிரீசெட்கள் கடையில் தனியாக வாசித்துப் பார்ப்பவரை மயக்கத்தான்: கெயின் உச்சத்தில், ரிவெர்ப் குளம்போல. இரண்டாவது, கெயின். பழைய ட்வீட் ஆம்பில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. சத்தமும் கரகரப்பும் சேர்ந்தே ஏறும். மாடலிங் ஆம்பில் கெயின் தனி, மாஸ்டர் தனி. அதனால் சத்தமே இல்லாமல் கரகரப்பை மட்டும் ஏற்றிவிடலாம். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். நாம் நினைப்பதைவிடக் குறைந்த கெயினில்தான் அந்தப் பழைய ஒலிகள் இருக்கின்றன. கெயினைக் கால்பங்குக்கு இறக்கி மாஸ்டரை ஏற்றினான். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தினால் உறுமல். மீதியைக் கிதாரின் வால்யூம் குமிழே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, மிட். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிஒலியும் உச்சஒலியும் குறைவாகக் கேட்கும். அதனால் இரவில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டைக் குழியாக்கிவிடுகிறோம். மேடையில் பேஸை டிரம்ஸ் விழுங்கும், ட்ரெபிளைப் பறையும் சிம்பலும் விழுங்கும். கிதார் வாழும் இடம் நடுவில். நம் தம்பி அந்த இடத்தைத்தான் பூஜ்யத்தில் வைத்திருந்தான்.

இன்னும் இரண்டு. ஃபஸ், டிரைவ், வா எல்லாம் ஆம்ப் மாடலுக்கு முன்னால். டிலே, ரிவெர்ப் பின்னால். ஹெட்ஃபோனிலோ மிக்ஸரிலோ சொருகினால் ஸ்பீக்கர் நகல் வசதி ஆனில் இருக்கட்டும். கிதார் ஸ்பீக்கர் அதிக உச்சஒலியைத் தானே வடிகட்டிவிடும். அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் எந்த மாடலும் கொசுதான்.

மீண்டும் பறை தொடங்கியது. இந்த முறை கிதார் கேட்டது. பெரிதாக இல்லை, ஆனால் அதன் இடத்தில் நின்றது. ட்வீட், கெயின் கால்பங்கு, மிட் முக்கால், ரிவெர்ப் கொஞ்சம். அதைச் சேமிப்பதற்கு முன்னால் ஃபோனில் ‘ராக்கெட் 88’ தேடிப் போட்டோம். பறை அடித்துக்கொண்டிருந்த அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை போடச் சொன்னார்.