காலணா வரி விதித்த வர்த்தகர்

ஒரு பக்கம் விருதுநகர்ச் சந்தையும் மறுபக்கம் அருப்புக்கோட்டைத் தறித் தெருக்களும் எட்டும் தூரத்தில் இருக்க, நடுவே கரிசலில் வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்து வந்த ஊர் மல்லாங்கிணறு. பழைய இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த இந்த வறண்ட பிரதேசத்தில் வியாபாரி பொதுக் காரியத்தில் பிரவேசிப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. பேட்டையில் இறங்கும் பொதிக்கும் மூட்டைக்கும் இவ்வளவென்று மகமை பிரித்து, அதை உறவின்முறையின் பொதுக் கணக்கில் சேர்த்து, கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் கண்ட நாடார் வர்த்தகர்கள், தேர்தல் என்ற சொல் இங்கே பழகுவதற்கு முன்பே பொதுப் பணத்துக்குக் கணக்குச் சொல்லப் பழகியிருந்தார்கள். விருதுநகரில் 1889-ல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அந்தப் பழக்கத்தின் பலன். பின்னாளில் காமராஜர் படித்ததும் அங்கேதான்.

இந்த வழியில் வராத ஒரு வர்த்தகர், டில்லியில் மந்திரியாக அமர்ந்து, அருப்புக்கோட்டை நெசவாளியின் கூலியிலும் வயிற்றிலும் தம் கையெழுத்தைப் பதித்தார். அவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1899-ல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1928-ல் தம் பெயரிலேயே ஏஜென்ஸிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கிய அவர், லீவர் பிரதர்ஸ் சோப்பு முதலிய சீமைச் சரக்குகளைத் தென்னாட்டுக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதில் அபார சாமர்த்தியம் காட்டிப் பெரும் செல்வரானார். சரக்கு எங்கே தேங்குகிறது, எந்தக் கடைக்காரன் ஏன் வாங்க மறுக்கிறான் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கணிக்கும் இந்த வித்தை, பின்னர் அரசியலில் அவருக்குத் துணையும் வினையும் ஆயிற்று என்பது என் அபிப்பிராயம்.

1937-ல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்து, பின்பு காங்கிரஸில் சேர்ந்து, வியாபாரத்தைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து, மத்திய சட்டசபையையும் அரசியல் நிர்ணய சபையையும் கடந்து, 1952-ல் அவர் வர்த்தக, கைத்தொழில் மந்திரியானார். அந்த வேளையில் கைத்தறிக்குப் பெரும் சங்கடம். துணி தேங்கிக் கிடக்க, தறிகள் ஓய்ந்தன. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டுமென்று சென்னை முதன் மந்திரி ராஜாஜி மன்றாடினார். கிருஷ்ணமாச்சாரி அவ்வளவு தூரம் போகவில்லை. வியாபாரியாயிற்றே, பேரம் பேசாமல் இருப்பாரா? ஆலைகள் முன்பு நெய்த வேட்டியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் நெய்யலாகாது என்று சர்க்கார் வரம்பு கட்டியது. 1952-ல் அகில இந்தியக் கைத்தறி போர்டு அமைந்தது. மறு வருஷம் ஆலைத் துணியின் மேல் கெஜத்துக்கு மூன்று தம்பிடி, அதாவது காலணா, தனி வரி விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தள்ளுபடி விற்பனைக்கும் அதிலிருந்து பணம் இறங்கியது. சரக்கின் மேல் சிறு தொகை பிரித்து ஒரு கூட்டத்தின் நன்மைக்குச் செலவிடுவது மகமையன்றி வேறென்ன? அருப்புக்கோட்டைக்காரனுக்கு அதன் தத்துவத்தை யாரும் விளக்க வேண்டியிருந்திராது.

1956-ல் நிதி மந்திரி பதவி வந்தது. செல்வராயிருந்தவரே மறு வருஷம் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்ததைக் கண்டு தனவந்தர்கள் திகைத்தார்கள். ஆனால் அதே 1957-ல், ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் ஹரிதாஸ் முந்த்ரா என்ற வர்த்தகரின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிய விவகாரத்தை பெரோஸ் காந்தி லோக்சபையில் கிளப்பினார். நீதிபதி சக்ளா பகிரங்கமாக விசாரித்தார். நிதி இலாகாக் காரியதரிசியின் செயலுக்கும் மந்திரியே பொறுப்பு என்று அவர் முடிவு கூற, 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார்; அவ்வருஷத்து வரவு செலவுத் திட்டத்தை நேருவே படிக்கும்படி ஆயிற்று. பாலிசிதாரர் பணம் ஒருவகையில் மகமைப் பணந்தான். பேட்டையில் அப்பணத்தைத் தொடுகிறவன் பத்துப் பேர் முன்னிலையில் தொடுவான். தந்தியிலும் பேச்சிலும் சட்டென்று முடிவெடுக்கும் ஏஜென்ஸி உலகம் அந்தப் பொறுமையை எவருக்கும் கற்பித்ததில்லை.

ஆயினும் அவர் மீண்டார். 1962-ல் திருச்செந்தூர்த் தொகுதியில் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த வருஷம், மூத்த மந்திரிகள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டுமென்ற காமராஜ் திட்டத்தால் மொரார்ஜி தேசாய் விலக, காலியான நிதி இலாகா மறுபடியும் அவரிடம் வந்தது. விருதுநகர்க்காரர் ஒருவரின் யோசனையால் திறந்த கதவு அது. யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி பாங்கியும் 1964-ல் அவர் காலத்தில் எழுந்தவை. முடிவிலும் வியாபாரமே குறுக்கிட்டது. தம் புதல்வர்களின் தொழிலைப் பற்றிக் குற்றச்சாட்டுகள் கிளம்பியபோது, பிரதமர் சாஸ்திரி தம்மை நம்புவதாகச் சொன்னாலே போதும், வேறு பரிசீலனை கூடாது என்று அவர் எதிர்பார்த்தார். சாஸ்திரி அதற்கு இசையவில்லை. 1965 டிசம்பர் 31-ல் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்தார்.