ஏடு பெயர்த்தோரும் ஒளிபரப்புப் பூட்டும்

ஓலைச்சுவடி நெடுங்காலம் நிற்பதன்று. கரையானும் ஈரமும் அரிக்குமுன் ஒருவர் அதைப் பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும். 1880இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணிப் பிரதியொன்றைக் கொடுத்தார். ஐயர் மேலும் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி 1887இல் அந்நூலை அச்சேற்றினார். பெயரறியா எத்தனையோ பேர் படியெடுத்து வைத்ததன் பயன் அது.

காவிரிக்கரை இசைக்கும் இந்நியதி பொருந்தும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர். அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். நெடுநேர இசையை ஊர்தோறும் கொண்டு சென்றது வானொலி. திருச்சி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. இன்று நாம் கேட்டு மகிழும் பழைய கச்சேரிகளில் பல, நேயர்கள் தம் வீட்டு வானொலிப் பெட்டியருகே ஒலிநாடாக் கருவியை வைத்துப் பதிந்தவையே.

ஒளிபரப்பு எண்முறைக்கு மாறியபோது, இவ்வாறு பதிவதையே தடுக்கும் பூட்டும் வந்தது. அமெரிக்காவில் 2003இல் தகவல்தொடர்பு ஆணையம் 'ஒளிபரப்புக் கொடி' என்னும் விதியை வகுத்தது. அதற்கு அவ்வதிகாரமில்லை என 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பிறர் உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் தடுக்காத நோக்கத்திற்கு விலக்கும் அளித்தது. ஆயினும் திறக்கும் நுட்பம் அறியாத எளிய நேயருக்கு அவ்விலக்கால் என்ன பயன்?

கலைஞரின் பிழைப்பைக் கருத வேண்டாமா என்பது நேரிய வினாவே. படியெடுத்து விற்போரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. தனிப் பயனுக்கும் ஆய்வுக்கும் நியாயமாகப் பயன்கொள்வதை அதே சட்டம் ஏற்கிறது. ஒளிபரப்பாளரின் மறுபதிப்புரிமைக்கும் 25 ஆண்டு என எல்லை வகுத்துள்ளது. பூட்டோ விற்பவரையும் கற்பவரையும் பிரித்தறியாது. 25 ஆண்டு கழிந்ததையும் அறியாது.

திருவையாற்றுப் பஞ்சரத்தின இசையைப் பொதுப் பணத்தில் நமக்கு வழங்கிவந்தவை வானொலியும் தூர்தர்ஷனும். அத்தகைய நிலையங்களேனும் இப்பூட்டை ஏற்க மறுக்க வேண்டும் என்பதே நம் கருத்து. காப்பகம் ஒன்று அழியலாம். நூறு வீடுகளில் உள்ள படிகள் ஒருசேர அழிவதில்லை. ஐயருக்குச் சிந்தாமணி கிடைத்ததும் அவ்வாறே அன்றோ?