முக்காலி கேட்ட தம்பியும் 'கன்சல்டன்ட்' அண்ணனும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

1990களின் கடைசி. தி.நகர் நடேசன் தெருவில் ஒரு மொட்டைமாடி ரூம். நான் பொட்டி தட்டுகிற ஆசாமி, விசிட்டிங் கார்டில் 'கன்சல்டன்ட்'. கூட இருந்தது திசையன்விளைப் பக்கத்துத் தம்பி ஒருத்தன். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை சேல்ஸ்மேன். காலையில் ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி பத்து வரைக்கும் நிற்க வேண்டியதுதான். ரூமுக்கு வந்ததும் பக்கெட் வெந்நீரில் கல் உப்பைப் போட்டு, காலை உள்ளே விட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆபீஸில் கொடுத்த 'ஊழியர் திருப்தி' படிவத்தை நிரப்பிக்கிட்டு இருந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடணும். நான் எல்லாத்துக்கும் நாலு. அஞ்சு போட்டா ஜால்ரான்னு தெரிஞ்சிடும், மூணு போட்டா மேனேஜர் கூப்பிட்டு "என்னப்பா பிரச்சனை"ம்பார். தம்பி எட்டிப் பார்த்தான்.

"எங்க முதலாளி இப்படி ஒரு பேப்பர் குடுத்தா, உக்கார ஒரே ஒரு முக்காலி கேப்பேண்ணே."

சிரிச்சேன். அவன் லேபர், நான் கன்சல்டன்ட். சட்டம், சங்கம் எல்லாம் அவனுக்கு, நமக்கெதுக்குன்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்பு எங்கேயிருந்து வந்ததுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தேடிப் பார்த்தேன்.

1968ல் பம்பாயில் டாட்டா குழுமம் ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறது. பெயரிலேயே 'கன்சல்டன்ஸி'. ஆரம்பத்தில் குழுமத்தின் மற்ற கம்பெனிகளுக்குப் பஞ்ச் கார்டு வேலை. எஃப்.சி. கோலி அதை வளர்த்தெடுத்தார். 1972ல் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்த எஸ். ராமதுரை 1996ல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நம்ம நாமக்கல் மோகனூர்க்காரர் சந்திரசேகரன், திருச்சி ஆர்.இ.சி.யில் படித்துவிட்டு 1987ல் சேர்ந்தவர், 2009ல் அதே நாற்காலி. 2017ல் டாட்டா சன்ஸ் தலைவர். உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனா அடிவாரத்தில் லட்சக்கணக்கில் ஆள், உச்சியில் ஒரே ஒரு நாற்காலி. இந்தக் கணக்கை நமக்கு யாரும் சொல்லலை, நாமும் கேக்கலை.

இன்னொரு வழி ஆன்சைட். 1990ஆம் வருடத்துச் சட்டத்தில் அமெரிக்கா எச்-1பி விசாவைக் கொண்டு வந்தது. வருஷத்துக்கு 65,000 என்ற வரம்பு. ஒய்2கே பூதம் கிளம்பியதும் 1999ல் 1,15,000. 2001ல் 1,95,000. கோபால் தெரியுமோ தெரியாதோ, கோபோல் தெரிஞ்சா போதும்னு ஓடிய காலம் (மொக்கைக்கு மன்னிக்கவும்). அப்புறம் டாட்காம் குமிழி உடைஞ்சது, 2001 செப்டம்பர் வந்தது, 2004ல் வரம்பு பழையபடி 65,000. 'உன் கேரியர் உன் கையில்'னு ஆபீஸ் சுவரில் போஸ்டர் இருக்கும். ஊரையும் ப்ராஜெக்டையும் முடிவு பண்ணுவது வேற யாரோ.

2002ல் என் முறை. நாலு மாசம் பெஞ்ச். ஒரு சின்ன ரூமுக்குக் கூப்பிட்டாங்க. "நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்தா அனுபவச் சான்றிதழ் நல்லபடியா வரும்." பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். ஆறு வருஷ சர்வீஸ்.

என்ன விட்டேன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அன்றைக்கு அமலில் இருந்தது 1947ஆம் வருடத்து தொழில் தகராறு சட்டம். அதில் 'தொழிலாளி' என்பதற்குள் டெக்னிக்கல் வேலை பார்ப்பவரும் அடக்கம். சம்பள வரம்பு சூப்பர்வைசர் வேலைக்குத்தான். கார்டில் என்ன பதவி போட்டிருக்குன்னு கோர்ட் பார்க்காது, தினமும் என்ன வேலை செய்யறேன்னுதான் பார்க்கும். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். என் கணக்கில் 90 நாள். ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா அது ஆட்குறைப்பே இல்லை! 'கன்சல்டன்ட்'ங்கற ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை அது.

என்னைவிட விவரமானவங்க பின்னாடி வந்தாங்க. 2014 டிசம்பரில் டி.சி.எஸ். ஆட்களை வெளியே அனுப்பிய செய்தி வந்தபோது சென்னைப் பசங்க கூட்டம் போட்டாங்க. செயல்திறன் அடிப்படையில், சுமார் ஒரு சதவீதம் பேர்தான் என்றது நிறுவனம். 2015 ஜனவரியில், கர்ப்பிணியாக இருந்த ஒரு ஊழியரின் பணிநீக்கத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் அந்தப் பணிநீக்கத்தைத் திரும்பப் பெற்றது. 2016 ஜூனில், ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. புதுசா எதையும் கொடுக்கலை. ஏற்கெனவே இருந்ததைச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

அந்த உரிமைக்கு வேர் எங்கேன்னு பார்த்தா நம்ம பெரம்பூர். 1918 ஏப்ரலில் பி அண்ட் சி மில் ஆட்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், தலைவர் பி.பி. வாடியா, கூடவே திரு.வி.க. பின்னி கம்பெனி சங்கத் தலைவர்கள் மேல் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்னு குரல் கிளம்பி, 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நெசவு மில்காரங்க பட்ட பாட்டில் விளைந்ததை, ஏசி ரூமில் இருந்த நாங்க 'எங்களுக்கில்லை'ன்னு நெனச்சுக்கிட்டோம்.

முக்காலி? கேரளாவில், கோழிக்கோடு மிட்டாய்த் தெரு கடைகளில் வேலை பார்த்த பெண்கள் விஜி தலைமையில் போராடி 2018ல் உட்காரும் உரிமையை வாங்கினாங்க. 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை.

அன்னிக்கு தம்பிக்கு போன் போட்டேன். இப்போ ஊரில் சொந்தக் கடை வச்சிருக்கான். "நம்ம கடையில மூணு பையனுங்கண்ணே, மூணு முக்காலி போட்டாச்சு. சட்டத்துக்கு முன்னாடியே" என்றான்.

அவனுக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்குத் தெரியலை, அதான் நாலு நாலா போட்டுக்கிட்டிருந்தேன்.

1947 சட்டமும் போய், 2025 நவம்பரில் புதிய தொழில் உறவுத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. அதிலும் கேள்வி பழசுதான்: என்ன வேலை பார்க்கறே? ஆணி புடுங்கும் நண்பர்களே, ஆஃபர் லெட்டரை ஒரு தடவை முழுசா படிங்க. செய்யற வேலையைத் தேதி போட்டு எழுதி வைங்க. சின்ன ரூமில் பேப்பரை நீட்டினா, "நாளைக்குச் சொல்றேன்"னு எழுந்து வாங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க.