வீர இராமநாதன் (ஒய்சளர்)

வீர இராமநாதன் (ஆட்சி: 1254–1295) ஒய்சள அரச மரபில் பிறந்து, பிற்காலத்தில் குந்தாணியிலிருந்து ஆண்டவன். கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளிக்கு அருகிலுள்ள சின்னகொத்தூர்ப் பகுதியே அன்றைய குந்தாணி. ஓசூர் வட்டாரத்து முரசு நாடும் அவன் ஆட்சிக்குள் இருந்தது.

ஒய்சளர் காவிரிக் கரைக்கு வந்தது சோழருக்குத் துணையாக. 1231-இல் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கனிடம் சிறைப்பட்ட சோழன் மூன்றாம் இராசராசனை ஒய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் மீட்டான். அவன் மகன் சோமேசுவரன், இன்று சமயபுரத்தை ஒட்டியுள்ள கண்ணனூரிலேயே தங்கி ஆண்டான். இறுதியில் நாட்டை இரண்டாகப் பிரித்தான். ஒய்சளத் தலைநகர் துவாரசமுத்திரம் மூத்த மகன் மூன்றாம் நரசிம்மனுக்கு. கண்ணனூரும் தமிழ்நாட்டுப் பகுதிகளும் இன்னொரு மனைவிக்குப் பிறந்த இராமநாதனுக்கு.

இளையவனான இராமநாதனின் பங்கு பாண்டியர் படைக்கு நேரெதிரே இருந்தது. முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியனோடு நடந்த போரில் சோமேசுவரன் உயிரிழந்தான். அதற்குப் பிறகும் இராமநாதன் கண்ணனூரை எளிதில் விட்டுவிடவில்லை. மூன்றாம் இராசேந்திர சோழனோடு சேர்ந்து நின்றான். 1279 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இருவரையும் முறியடித்தான். சோழர் ஆட்சி அத்தோடு முடிந்தது. இராமநாதன் வடக்கே குந்தாணி மலைப்பகுதிக்கு ஏறினான்.

குந்தாணியில் அவனுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பாண்டியரிடம் இழந்ததை அண்ணனிடம் ஈடுகட்ட முனைந்தவன் போல, இன்றைய பெங்களூரு, கோலார், தும்கூர்ப் பகுதிகளுக்காக நரசிம்மனோடு மோதினான். இரு தரப்புக்கும் இதில் இழப்பே மிச்சம். ஒய்சள வலிமை உள்ளிருந்தே கரைந்ததற்கு இந்தப் பங்காளிப் போரை முதன்மைக் காரணமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் இராமநாதனை வெறும் கலகக்காரனாக எழுதிவிடுவது நியாயமன்று. துவாரசமுத்திரத்திலிருந்து பார்த்தால்தான் அவன் விளிம்பில் நின்றவன். ஓசூர், கோலார்க் கோயில் சுவர்களில் அவனே அரசன். அங்கே அவன் ஆட்சியாண்டைக் குறித்துத் தமிழில் வெட்டிய கல்வெட்டுகள் ஏராளம். அவற்றில் பல இன்று கர்நாடக எல்லைக்குள் இருக்கின்றன.

1295-இல் அவனுக்குப் பின் மகன் விசுவநாதன் அரசேறினான். அந்த ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் பிரிந்த நாட்டை மீண்டும் ஒன்றாக்கினான்.

சித்தப்பன் நாட்டைக் கைக்கொண்ட வல்லாளன் முதலில் கோயில்களின் பக்கம் திரும்பினான். 1301-இல் மடங்களுக்கும் கோயில் பொறுப்பாளர்களுக்கும் அவன் விடுத்த ஆணை குந்தாணி இராச்சியம், விரிவி நாடு, மாசந்தி நாடு, முரசு நாடு, குவளால நாடு, கைவார நாடு என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறது. கோயில் நிலங்கள் மீதிருந்த வரிகளை நீக்கி, பூசைகளைக் குறைவின்றி நடத்தச் சொல்கிறது. இராமநாதன் விட்டுச் சென்ற நாட்டின் பரப்பை அறிய இந்த ஆணையும் உதவுகிறது. அதுவும் தமிழிலேயே, பல ஊர்க் கோயில்களில் வெட்டப்பட்டுள்ளது.