உடனிருந்து பார்த்தவன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் உறவினர், "நினைவு திரும்பிடுச்சா?" என்று கேட்பார். நியாயம் கேட்க வந்தவர், "உனக்கு மனச்சாட்சியே இல்லையா?" என்பார். இந்த இரண்டையும் நாம் மாற்றிக் கேட்பதில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கோ நினைவுணர்வு, மனச்சாட்சி இரண்டுக்கும் ஒரே சொல்தான்: கோன்சியான்ஸ்.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தை ஒரு கதைசொல்லி தோண்டினார். நார்னியா கதைகளால் பெயர்பெற்ற சி.எஸ். லூயிஸ், தொழிலால் இடைக்கால இலக்கிய ஆய்வாளர்; நம்பிக்கையால் கிறிஸ்தவர். 1960இல் சொற்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் ஓர் இயல் முழுக்க இதற்கே. லத்தீனில் 'கோன்' என்றால் உடன். 'ஸ்கிரே' என்றால் அறிதல். ஒருவனுடைய இரகசியத்தை அவனோடு சேர்ந்து அறிந்தவன் 'கோன்ஸ்கியுஸ்'. அவன் சாட்சியாகவும் இருக்கலாம், கூட்டாளியாகவும் இருக்கலாம். வேறு எவனுக்கும் தெரியாத காரியத்தில், நானே எனக்கு உடனறிந்தவன் ஆகிவிடுகிறேன். மனச்சாட்சி பிறந்தது இந்த இடத்தில்தான்.

கிரேக்கத்தில் இதற்கு 'சுனெய்தேசிஸ்' என்று பெயர். அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களில் திரும்பத் திரும்ப வரும் சொல். 'சுன்' என்பது உடன். பின்பகுதியில் இருக்கும் அறிதல் வினையின் வேரோ காண்டல், கண்டவனே அறிந்தவன். இப்போது நம் 'சாட்சி'யைப் பிரித்துப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் 'ஸ' என்றால் உடன், 'அக்ஷி' என்றால் கண். தமிழ் விவிலியம் பவுலின் சொல்லுக்கு 'மனச்சாட்சி' என்று வைத்தது வெறும் பொருத்தமல்ல. எலும்புக்கு எலும்பு ஒட்டுகிறது.

எபிரேய வேதத்துக்கு இப்படி ஒரு தனிச்சொல் தேவைப்படவில்லை. சவுல் அரசனின் அங்கித் தொங்கலை அறுத்த பிறகு தாவீதை அடிப்பது அவனுடைய நெஞ்சுதான். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவரும் நெஞ்சைத்தான் சுடவிடுகிறார். கென்ட் பகுதித் துறவி ஒருவர் 1340இல் ஆங்கிலத்தில் எழுதி முடித்த நூலின் தலைப்பு, உள்ளறிவு திரும்பத் திரும்பக் கடிப்பதைச் சொல்கிறது. அடி, சூடு, கடி: மூன்றும் உடம்பில் படுகிறவை. சாட்சிக்காரன் அப்படியல்ல, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறவன். எனக்கென்னவோ நெஞ்சுதான் மூத்தது என்று படுகிறது.

சுனெய்தேசிஸ் என்ற சொல்லின் வரலாற்றில் ஓர் ஏடெழுதுபவனின் கைப்பிழைக்கும் பங்குண்டு. எசேக்கியேல் தீர்க்கதரிசி காட்சியில் கண்ட நான்கு முகங்களில் கழுகு முகத்துக்கு உரை சொன்ன புனித ஜெரோம், தம்பியைக் கொன்ற காயீனிடத்திலும் அணையாத பொறி என்று மனச்சாட்சியைக் குறிக்கிறார். அங்கே நமக்குக் கிடைக்கும் கிரேக்கச் சொல் 'சுன்தேரேசிஸ்'. சுனெய்தேசிஸைத் தவறாகப் படியெடுத்ததால் வந்தது அது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இடைக்கால அறிஞர்கள் அதைத் தனிச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இரண்டுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார்: நல்லதைச் செய், தீயதை விலக்கு என்ற அடிப்படை அறிவாக என்றும் நிலைத்திருப்பது சுன்தேரேசிஸ், அதை இன்றைய காரியத்தில் பொருத்திப் பார்க்கும் செயல் கோன்ஸ்கியென்டியா, அதாவது மனச்சாட்சி. பிழையிலிருந்து இவ்வளவு கூர்மையான மனநூல் பிறந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் நினைவுணர்வும் மனச்சாட்சியும் தனித்தனிச் சொற்களாகப் பிரிந்தது 17ஆம் நூற்றாண்டில். கேம்பிரிட்ஜ் இறையியலாளர் ரால்ஃப் கட்வொர்த் 1678இல் 'கான்ஷியஸ்னெஸ்' என்ற சொல்லைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தார். தத்துவஞானி ஜான் லாக் தம் நூலின் 1694 பதிப்பில், ஓர் ஆள் நேற்றும் இன்றும் அதே ஆள்தான் என்பதை அந்த உணர்வின் மேலேயே நிறுத்தினார். இன்று மூளை ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் சொல் அதுதான். சாட்சிக்கூண்டில் இருந்தவன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டான். லாக்கைப் பிரெஞ்சாக்கிய பியர் கோஸ்துக்குத்தான் திண்டாட்டம். கைவசம் ஒரே சொல். 1700இல் வந்த அவருடைய மொழிபெயர்ப்பில் அதையே நடுவில் ஒரு சிறுகோடு போட்டு 'கோன்-சியான்ஸ்' என்று அச்சிட்டு, அடிக்குறிப்பில் காரணமும் எழுதினார்.

நமக்கு நனவு, தன்னுணர்வு, பிரக்ஞை, மனச்சாட்சி என்று தனித்தனியே இருக்கின்றன. பிரெஞ்சிலிருந்து தமிழாக்குகிறவர்கள் கோன்சியான்ஸைக் கண்டதும் மனச்சாட்சி என்று எழுதிவிடாமல், அது எந்த ஆள் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு எழுதுங்கள்.