இந்தியக் கொசுக்களின் பட்டியல் உருவான வரலாறு

இந்தியாவில் இன்று ஏறத்தாழ 400 கொசு இனங்கள் பதிவாகியுள்ளன. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அவற்றுள் சிலவே அறிவியற் பெயர் பெற்றிருந்தன. இன்று உலகின் பல நாடுகளுக்கும் பரவி டெங்குவைக் கடத்தும் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் வரிக்கொசு, கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட மாதிரிகளைக் கொண்டு ஸ்கியூஸ் என்ற பூச்சியியலாளர் 1894இல் விவரித்த பின்னரே முறையான பெயரைப் பெற்றது.

இந்தக் குறைபாடு எவ்வளவு பெரிது என்பது 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் புலப்பட்டது. மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் முதன்முதலாகக் கண்ட ரொனால்டு ராஸ், அந்தக் கொசு எந்த இனம் என்று பெயரிட்டுச் சொல்ல இயலாத நிலையில் இருந்தார். கைக்கு எட்டிய நூல் ஏதும் உதவாததால், சாம்பல் நிறக் கொசு, வரிக் கொசு, புள்ளிச் சிறகுக் கொசு என நிறத்தையும் தோற்றத்தையும் வைத்தே அவர் பிரித்து எழுதினார். நோயைப் பரப்புவது புள்ளிச் சிறகுக் கொசு என்று தெரிந்துவிட்ட பிறகு, அத்தகைய கொசுக்கள் எத்தனை, அவை எந்த நீரில் பெருகுகின்றன என்ற கேள்வி மருத்துவத்தின் கேள்வியாகவும் அரசாங்கத்தின் கேள்வியாகவும் மாறியது.

1898இல் பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்ற நாடுகள் அனைத்திலிருந்தும் கொசுக்களைத் திரட்டி லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டது. அவ்வாறு வந்து குவிந்தவற்றை ஆராய்ந்த தியோபால்டு, 1901 முதல் 1910 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். கொசுவின் உடலையும் சிறகு நரம்புகளையும் போர்த்தியிருக்கும் நுண்ணிய செதில்களின் வடிவத்தையே அவர் பிரிப்புக்கு அளவுகோலாகக் கொண்டதால், அவர் வகுத்த பேரினங்கள் பல பின்னாளில் நிலைக்கவில்லை. இந்தியாவுக்குள்ளேயே இப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த அதிகாரிகள். கைல்ஸ் 1900இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். ராஸ் புள்ளிச் சிறகுக் கொசு என்று குறித்த அனாபிலஸ் பேரினத்தின் இந்திய இனங்களைப் பற்றிய தனிநூலை ஜேம்ஸும் லிஸ்டனும் 1904இல் கொண்டுவந்தனர்.

இனம் பிரிப்பது உருப்பெருக்கியின் கீழ் நடக்கும் நுட்பமான வேலை. உறிஞ்சுகுழலின் இருபுறமும் நீளும் உணர்நீட்சிகளிலும் கால்களிலும் வெண்புள்ளிகள் சிதறியிருந்தால், அது லிஸ்டன் 1901இல் விவரித்த அனாபிலஸ் ஸ்டெபன்சியாக இருக்கலாம்; கால்கள் புள்ளியின்றிக் கருத்திருந்தால், அதே ஆண்டில் கைல்ஸ் பெயரிட்ட அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸா என்று பார்க்க வேண்டும். ஆனால் பிடிக்கும்போது விரல் பட்டாலே செதில்கள் உதிர்ந்து அடையாளம் அழிந்துவிடும். மேலும், குளங்குட்டைகளில் அகப்பையால் நீரை மொண்டு தேடும் பணியாளர்களுக்கு அகப்படுபவை புழுக்களே. ஆகவே புழுவின் உடலிலுள்ள மயிர்களின் அமைப்பை வைத்து இனம் காணும் முறை தேவைப்பட்டது; அதை பூரி 1931இல் விரிவாக வகுத்தளித்தார். 1927இல் நிறுவப்பட்ட இந்திய மலேரியா ஆய்வகம் இத்தகைய உழைப்புக்கு மையமாக விளங்கிய அக்காலத்தில்தான், பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் அனாபிலஸ் பிரிவைப் பற்றி கிறிஸ்டோஃபர்ஸ் 1933இலும், ஏனைய பிரிவுகளைப் பற்றி பாரோ 1934இலும் எழுதிய தொகுதிகள் வெளிவந்தன.

பட்டியலின் பயன் நீரில்தான் தெரிந்தது. ஸ்டெபன்சி நகரத்துக் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும், கியூலிசிஃபேசிஸ் வாய்க்கால்களிலும் வயல்சார்ந்த தேங்குநீரிலும், மற்றோர் அனாபிலஸ் இனமான ஃபுளுவியாடிலிஸ் மலையடிவாரத்து ஓடைகளிலும் முட்டையிடுகின்றன. ஆதலால் ஓரூரில் நோய் பரப்புவது எது என்று தெரிந்தால், எல்லா நீர்நிலைகளிலும் அலையாமல் உரிய நீரில் மட்டும் மருந்தையோ உழைப்பையோ செலவிட முடிந்தது.

எனினும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களின் வரம்பு பின்னர் வெளிப்பட்டது. ஸ்டெபன்சியின் முட்டைகளிலுள்ள மிதவை வரிகளின் எண்ணிக்கை ஓரிடத்துக்கு ஓரிடம் மாறுவதை ஸ்வீட்டும் ராவும் 1937இலேயே காட்டியிருந்தனர். 1980 முதல் குரோமோசோம் ஆய்வுகள், கியூலிசிஃபேசிஸ் என்ற ஒரே பெயருக்குள், தோற்றத்தில் வேறுபாடற்ற, ஆனால் தமக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்யாத பல உடன்பிறப்பு இனங்கள் அடங்கியிருப்பதை நிறுவின. ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் அவற்றுள் 'பி' இனம் மலேரியாவைக் கடத்துவதில் வலுவற்றது. இலங்கையில் இருப்பது 'பி' என்றே கருதப்பட்டதால், அங்கு அந்நோய் அத்தனை கடுமையாக இருந்ததற்குக் காரணம் விளங்காதிருந்தது. 1999இல் ராமேஸ்வரம் தீவுக் கொசுக்களில், ஆணின் ஒய் குரோமோசோம் வடிவத்தைக் கொண்டு நோயைக் கடத்தவல்ல 'இ' என்ற ஐந்தாம் இனம் பிரித்தறியப்பட்டதும், அடுத்து இலங்கையிலும் அது இருப்பது தெரியவந்ததும் அந்தப் புதிர் அவிழ்ந்தது.

இத்தகைய பட்டியல் முடிந்துபோகும் வேலையன்று. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே, அதுவரை அத்தீவில் பதிவாகாத ஸ்டெபன்சி மன்னாரில் கண்டறியப்பட்டது. நோய் நீங்கிய பின்னும் கொசுவை இனம் காணத் தெரிந்தவர்கள் பணியில் இருந்ததாலேயே அந்த வரவு கவனத்துக்கு வந்தது.